இரண்டு சர்க்காரின் இரவல் பிள்ளைகள்

சென்ற வாரம் செய்தித்தாளில் ஒரு படம் போட்டிருந்தார்கள். இரண்டு நாடுகள் படிப்புக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று காட்டும் படம். ஒரு நாட்டுக்கு உயரமான கட்டம், இன்னொரு நாட்டுக்குக் குட்டைக் கட்டம். உயரமான கட்டத்தைப் பார்த்து நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று கீழே ஒரு படித்தவர் எழுதியிருந்தார். எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த ஒப்பீட்டைச் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே நான் செய்து முடித்துவிட்டேன். அதற்குக் கட்டமும் வேண்டியிருக்கவில்லை, கணக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் போதும்.

வில்லியனூர் கொம்யூன் என்கிற வட்டாரத்தில், ஒதியம்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். அது பிரெஞ்சுக்காரனுக்குச் சொந்தம். ஊர்க்கோடியில் ஒரு வாய்க்கால். அந்தக் கரையில் இருக்கும் ஊர் இங்கிலீஷ்காரனுக்குச் சொந்தம். பெரிய சாலை வழியாகப் போனால் சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும், மடியைக்கூட உதறச் சொல்வார்கள். வரப்பு வழியாகப் போனால் கேட்பாரில்லை. நாங்கள் வரப்பு வழியாகத்தான் போவோம். எங்கள் சேரியில் பாதிப் பேருக்கு அந்தக் கரைப் பண்ணையார் வயலில்தான் வேலை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். சுண்ணாம்பு அடித்த சுவர், பெஞ்சு, சிலேட்டு, சுவரில் பிரான்சு தேசத்துப் படம். எல்லாம் சர்க்கார் கொடுத்தது, பள்ளிச் சம்பளமும் கட்ட வேண்டாம். பாரிஸ் நகரத்தில் ஓடும் ஆற்றின் பெயரை எங்களில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். எங்கள் பக்கத்தில் ஓடும் சங்கராபரணி ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்போம். அது இங்கிலீஷ் எல்லையில் பிறக்கிறதாம், ஆகையால் பாடத்தில் இல்லை. சட்டப்படி எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சமம். எங்கள் தெருப் பிள்ளைகளின் பெஞ்சு மட்டும் சுவர் ஓரமாக, மற்ற பெஞ்சுகளுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும்.

அந்தக் கரைப் பள்ளிக்கூடம் கூரை. மழை பெய்தால் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்வார்கள். பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்தான். ஒரே வாத்தியார், அவரே நடத்தும் பள்ளிக்கூடம். வருகிற தலைகளைப் பார்த்து இங்கிலீஷ்காரன் கிராண்ட் என்று பணம் கொடுப்பான். தலை குறைந்தால் அவர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும். அதனால் அவர் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கெஞ்சி அழைத்து வருவார். எங்கள் வாத்தியாருக்கு அந்தக் கவலை இல்லை. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் பிரெஞ்சு சர்க்கார் இருக்கும் டவுனிலிருந்து சம்பளம் வந்துவிடும். அவர் மத்தியானத்தில் மேசையில் தலை வைத்துத் தூங்குவார். நாங்கள் ஒருவரை ஓட்டு வாத்தியார் என்றும் இன்னொருவரைக் கூரை வாத்தியார் என்றும் சொல்லுவோம். ஒரு சர்க்கார் சுவருக்குச் செலவு செய்தது, இன்னொன்று தலைக்குச் செலவு செய்தது. தலைக்குள்ளே என்ன போகிறது என்று இரண்டும் எட்டிப் பார்க்கவில்லை.

ஓட்டு வாத்தியார் கூரை வாத்தியாரின் அக்காளைக் கட்டியவர். நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்கு உன் வயலுக்கு நான் ஆள் அனுப்புகிறேன், நாளைக்கு என் வயலுக்கு நீ அனுப்பு என்று மாற்றிக்கொள்வார்கள். மாமனும் மச்சானும் அதையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கரைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தால் எங்களில் ஒரு கூட்டம் வாய்க்காலைத் தாண்டிப் போய் அங்கே உட்கார வேண்டும். இங்கே டவுனிலிருந்து பிரெஞ்சு அதிகாரி வந்தால் அந்தக் கரைப் பிள்ளைகள் வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களுக்கு பிரெஞ்சு தெரியாது. வாயை மட்டும் அசைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அப்படி அசைத்த வாய்களைப் பார்த்து உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. போனால் பொரியும் வெல்லமும் கிடைக்கும். யார் நஷ்டப்படப் போகிறார்கள்? இரண்டு தேசத்து ராஜாக்கள் ஏமாந்தால் நமக்கென்ன என்று பெரியவர்களும் சிரித்தார்கள். ஊரே சிரித்த ஒரு விஷயம் என் தலையில் வந்து விடியும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு என்று தனியாக ஓர் அறை இருந்தது. அதற்கு டவுனிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் ஒரு குடை, அவ்வளவுதான் அவள் சொத்து. மத்தியானத்தில் தூங்காத ஒரே ஆள் அவள். பெஞ்சை ஒரு முழம் தள்ளிப் போடுகிற வேலையும் அவள் அறையில் கிடையாது. நான் சேர்ந்த மூன்றாம் நாளே என் பெஞ்சைத் தன் கையால் இழுத்து மற்றவற்றோடு சேர்த்துவிட்டாள். இரண்டு வீட்டார் பெண்களை நிறுத்தினார்கள். பிறகு சிலேட்டு இலவசம் என்பதால் திரும்ப அனுப்பிவிட்டார்கள்.

நான் ஐந்தாவதில் இருந்தபோது அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். அம்மா கரும்புச் சோகை உரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், கையெல்லாம் கீறல்.

"இந்த வருஷம் பரீட்சை இருக்குதும்மா. டவுனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். பாஸ் பண்ணினா சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற வேலை வாங்கித் தந்துடலாம். மாசச் சம்பளம்" என்றாள் டீச்சரம்மா.

"எங்க தெருப் பொண்ணுக்கா?" என்றாள் அம்மா.

"பரீட்சைத் தாள்ல தெரு எழுத மாட்டாங்க."

அம்மா கையின் கீறலைத் தடவிக்கொண்டாள். அடுத்த நடவுக்கு என்னைச் சேர்த்துக்கொள்வதாகப் பண்ணையார் வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். கடைசியில், "இந்த ஒரு வருசம்தான். பாஸானா உம் பொண்ணு, ஆகலன்னா என்னோட வயலுக்கு வந்துடணும்" என்றாள். அன்றிலிருந்து நான் படித்த படிப்பு படிப்பல்ல, வெறி. வயலுக்குப் போகக் கூடாது. அம்மாவின் கையைப் போல என் கை ஆகக் கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

பரீட்சைக்கு இன்னும் சில வாரம் இருக்கும்போது கூரை வாத்தியார் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மாமா, நாளைக்கு லேடி இன்ஸ்பெக்டர் வர்றாங்களாம். பொம்பளப் பிள்ளைங்களத்தான் பாக்கணுமாம். எங்கூர்ல ஒருத்தனும் பொண்ண அனுப்ப மாட்றான். பேரு மட்டும் எழுதி வச்சிக்கீறேன். மொத்தமா அனுப்பி வையுங்க."

"மொத்தமாவா?"

"ஒரு காலைப் பொழுதுதான் மாமா. பொழப்பு போயிடும்."

டீச்சரம்மா மாட்டேன் என்றாள். பரீட்சை நேரம், பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றாள். ஓட்டு வாத்தியார் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீ நேத்து வந்தவ. நாங்க உறவுக்காரங்க. ஒரு வேளை வகுப்பு இல்லைன்னா குடி முழுகிடாது" என்றார். அவர் பெரியவர், அவள் சின்னவள். பெண்கள் அத்தனை பேரும் மறுநாள் காலை வரிசையாக வாய்க்காலைத் தாண்டினோம்.

அந்தக் கரையில் ஆளுக்கொரு பெயர் தந்தார்கள். நன்றாக வாசிப்பேன் என்பதால் எனக்குப் பண்ணையார் மகளின் பெயர். என் சொந்தப் பெயரைப் போல இரண்டு மடங்கு நீளம். அந்த ஒரு காலைக்கு நான் பண்ணையார் மகள். ஆனால் பாயில் உட்காரவிடவில்லை. எனக்கும் எங்கள் தெருப் பெண்கள் இருவருக்கும் சாக்கு விரித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும்தான் கூரை வாத்தியார் ஓடி வந்து சாக்கை உருவிவிட்டு எங்களைப் பாய்க்குத் தள்ளினார். சேரிப் பெண் பாயில் உட்கார்ந்தால்கூடப் பரவாயில்லை, பண்ணையார் மகள் சாக்கில் உட்கார்ந்திருந்தால் தப்பாகிவிடுமே.

இன்ஸ்பெக்டரம்மா நல்லவள்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்கிற பாடம். நான் ஐந்தாவது படிக்கிறவள். வாய்க்கு அது பொரி தின்கிற மாதிரி. கடகடவென்று வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

பாதிப் பாடத்தில் வெளியே வரப்பில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர். வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. வாய்க்கால் மதகுக்குக்கூடப் போகாமல் தண்ணீரிலேயே இறங்கி வந்திருக்கிறார். வாசலுக்கு நேராக நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்க வாங்க என்று எங்களை அழைத்தார். பிறகு ஒரு கையைத் தலையில் வைத்துத் தொப்பி போலக் காட்டினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. டவுன் அதிகாரி வந்துவிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான். எங்கள் அறையில் டீச்சரம்மாவும் காலி பெஞ்சும்தான் இருக்கும்.

வாசிப்பது நின்றுவிட்டது. எழுந்து நின்றேன். மற்ற பெண்களும் வாசலைப் பார்த்தார்கள். கூரை வாத்தியாரும் பார்த்தார். அவருக்கும் புரிந்தது, சந்தேகமே இல்லை. அக்காள் புருஷன் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார், அவசரம் என்று ஓடி வந்தவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் வாசலுக்குப் போய், வாசல் தட்டியை இழுத்துச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"காத்து அதிகமா அடிக்குதும்மா" என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் பவ்யமாகச் சொன்னார். என் பக்கம் குனிந்து, "படிடி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

படித்தேன். தட்டிக்கு வெளியே மணி அடிக்கிறவர் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

முடிந்ததும் இன்ஸ்பெக்டரம்மா என் தலையைத் தொட்டாள். "நல்ல பிள்ளை. உன் அப்பாவை நான் பாராட்டினேன் என்று சொல்" என்று ஒரு சிவப்புப் பென்சில் கொடுத்தாள். அவள் வண்டி கிளம்பிய கையோடு கூரை வாத்தியார் அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். பண்ணையார் மகளுக்குச் சேர வேண்டியதாம். நாங்கள் பொரிக்குக் காத்திருக்கவில்லை. வாய்க்கால் கரையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது ஒரு கிழவி நாங்கள் உட்கார்ந்த இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது சாலையில் மோட்டார் போன புழுதி மட்டும் இருந்தது. டீச்சரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பாரிஸில் பணமுடையாம், டவுனில் ஒவ்வொரு செலவாக வெட்டுகிறார்களாம், எந்த அறை காலியாக இருக்கிறது என்று பார்க்கத்தான் அதிகாரி திடீரென்று வந்தானாம். இத்தனையும் அவள் எங்களிடம் பெரியவர்களிடம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"பெண்கள் எங்கேன்னு கேட்டாரு. உங்க பெரிய வாத்தியாரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இந்த ஊரு ஜனங்க பொம்பளப் பிள்ளைங்கள அனுப்ப மாட்டேங்கிறாங்க முசியே, படிப்போட அருமை தெரியாத ஜனங்க'ன்னாரு. அதிகாரி தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா டீச்சரம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். என் பிரெஞ்சைவிட உங்க வாத்தியாரு பிரெஞ்சு நல்லா இருக்கும்" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்தது. பெண்கள் வகுப்பு மூடப்பட்டது. டீச்சரம்மாவைப் பாகூர் பக்கம் தூக்கிப் போட்டார்கள். கட்டை வண்டியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். பரீட்சை நடந்த அன்று என்னை டவுனுக்கு அழைத்துப் போக ஆளில்லை. எங்கள் பெஞ்சுகளை ஆண் பிள்ளைகள் பக்கம் தூக்கிப் போனார்கள். ஓட்டு வாத்தியாரின் சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. ஆண்கள் வகுப்பில் பெண்கள் சேரச் சட்டம் இடம் கொடுக்குமாம், ஊர் கொடுக்கவில்லை.

ஜனங்க அனுப்பலை என்று சொன்ன விஷயம் அம்மாவின் காதுக்கு எட்டியபோது அவள் சாமி வந்தவளைப் போல ஆகிவிட்டாள். நேராகப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய் நின்றாள். உள்ளே போக மாட்டாள், அது அந்தக் காலத்து வழக்கம்.

"இன்னா வாத்தியாரே, நான் அனுப்பலையா? சோத்துக்கு இல்லாத நாள்லகூட தலை வாரி அனுப்பினேனே! எம் பொண்ண வாய்க்காலத் தாண்டி அனுப்பினது நானா நீயா?"

ஓட்டு வாத்தியார் வெளியே வரவில்லை. "எழுதியாச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, போ" என்று குரல் மட்டும் வந்தது.

அம்மா அதோடு விடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் கூரை வாத்தியாரிடம் போனாள்.

"உனுக்கு ஆள் தேவைன்னதும் வாங்கிக்கினியே, இந்தா, வச்சிக்க. உன் பள்ளிக்கூடத்துலியே படிக்க வையி."

அவர் முகம் வாடியது உண்மை. கெட்ட மனிதர் என்று சொல்ல மனம் வரவில்லை, அதுதான் இன்னும் கசக்கிறது. "இவ பிராஞ்சுக்காரன் குடி. என் பள்ளிக்கூடத்துல பேரு எழுத முடியாது. இங்க மூணாவது வரைக்கும்தான் வேற. அதோட..." என்று இழுத்தார். "அதோட பண்ணையார் பொண்ணு பேருல ஒருத்தி படிச்சிக்கிட்டு இருக்கிறதா இன்ஸ்பெக்டரம்மா மேலே எழுதிட்டாங்க. ரொம்ப நல்லா படிக்குதாம். கிராண்டு கூட்டிக் குடுத்துட்டாங்க."

"அந்தப் பொண்ணு படிக்குதா?"

"அதுக்கு எழுத்தே தெரியாது."

அம்மா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த நடவுக்கு அம்மாவோடு நானும் பண்ணையார் வயலில் இறங்கினேன். முதல் நாள் இடுப்பு ஒடிந்தது. சில நாளில் பழகிவிட்டது. பழகியதுதான் எனக்கு ஆறாத கோபம். கைவிரல் இடுக்கில்கூடச் சேற்றுப்புண் வந்தது. நகத்தில் ஏறிய சேறு கழுவக் கழுவப் போகவில்லை. படித்ததை மறக்கக் கூடாது என்று கடையில் மடித்துத் தரும் தாளையெல்லாம் வாசிப்பேன். இன்றைக்கு இதை எழுதுகிற எழுத்து அந்த டீச்சரம்மா போட்டது. இரண்டு சர்க்காருக்கும் இதில் பங்கு கிடையாது.

மறுவருஷம் நடவு நடந்துகொண்டிருக்கும்போது கூரை வாத்தியார் வரப்பில் வந்து நின்றார். துண்டைக் கையில் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த லேடி இன்ஸ்பெக்டர் திரும்ப வர்றாங்க. போன வருசம் நல்லா படிச்ச பண்ணையார் பொண்ணு எப்படி இருக்குதுன்னு கேட்டு எழுதியிருக்காங்க. ஒரு காலைப் பொழுதுக்கு இவள அனுப்புங்க."

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் சேற்றை வாரி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்தக் கதையை இவ்வளவு கசப்போடு நான் சொல்ல மாட்டேனோ என்னவோ. அம்மா நாற்று முடியைக் கீழே போடவில்லை, நிமிரக்கூட இல்லை.

"நடவுக் கூலி குடுப்பியா?" என்றாள்.

"கிராண்டு வந்ததும்..."

"நடவாளுக்குப் பொழுது சாயச்சொல்ல கூலி நெல்லு அளப்பாங்க. நீயும் அன்னிக்கே அள."

மறுநாள் போனேன். அதே கூரை, அதே நீளமான பெயர். இந்தத் தடவை முதலிலேயே பாய் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா வேறு பாடம் கொடுத்தாள், அதையும் கடகடவென்று வாசித்தேன். இன்ஸ்பெக்டரம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நகத்துச் சேறு, விரல் இடுக்கில் புண். கேட்பாள், கண்டுபிடித்துவிடுவாள், இவள் ஒருத்தியாவது கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகவும் முடிவு செய்துவிட்டேன்.

"பணக்கார வீட்டில் பிறந்தும் தோட்ட வேலை செய்கிறாள்! பார்த்தீர்களா, படிப்பு எப்படிப் பணிவைக் கொடுக்கிறது" என்று கூரை வாத்தியாரிடம் சொன்னாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

சாயங்காலம் அவர் சொன்னபடி நெல் அளந்தார். நடவுக்கு அளக்கிற அதே படி, தலை தட்டித்தான் அளந்தார். அம்மா முந்தானையில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்று இரவு அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். சுவர் கட்ட ஒரு சர்க்கார், தலை எண்ண ஒரு சர்க்கார் என்று இரண்டு தேசத்துப் பணம் எங்கள் வாய்க்காலின் இரண்டு கரையிலும் வந்து இறங்கியது. அதில் என் படிப்புக்கென்று என் கைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு நாள் நடவுக் கூலிதான்.